வழக்குக்குப் பணம் போடுவது யார்?

ஒரு சிவில் வழக்கின் கட்டைப் புரட்டினால் முதல் பக்கத்தில் வாதி, பிரதிவாதி என்று இரண்டு தரப்பின் பெயர்கள் இருக்கும். வக்காலத்தில் வக்கீல்களின் பெயர் இருக்கும். வக்கீல் ஃபீஸ், நிபுணர் சாட்சிகளுக்கான செலவு, ஆவணங்களைத் தேடி எடுக்கும் செலவு அனைத்தையும் கொடுத்துவிட்டு, ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு, தோற்றால் போட்டது போனது என்ற கணக்கோடு பின்னால் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இப்படி மூன்றாம் நபர் வழக்குக்குப் பணம் போடுவது இன்று ஒரு பெரிய தொழில். அதில் முன்னணியில் இருக்கும் பர்ஃபர்ட் கேப்பிட்டல் 2009-இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 2020-இல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலானது. அந்த மூன்றாம் நபரின் பெயரை நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் சொல்ல வேண்டுமா என்பதுதான் சில ஆண்டுகளாக அந்த நாடுகளில் நடக்கும் விவாதம். சொல்ல வேண்டும் என்பதே என் முடிவு. அவர் யார், வழக்கை நடத்துவதிலும் சமரசம் பேசுவதிலும் அவருக்கு அதிகாரம் உண்டா என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். எவ்வளவு பணம் போட்டார், எதை நம்பிப் போட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விவாதம் பொதுமக்கள் வரை போனதற்கு ஒரு மல்யுத்த வீரரின் வழக்கு முக்கியக் காரணம். ஹல்க் ஹோகனின் அந்தரங்கக் காட்சிகள் அடங்கிய வீடியோவின் ஒரு பகுதியை 2012-இல் காக்கர் என்ற இணையதளம் வெளியிட்டது. அவர் புளோரிடாவில் வழக்குத் தொடர்ந்தார். 2016 மார்ச்சில் ஜூரி அவருக்கு 11.5 கோடி டாலர் இழப்பீடும், தண்டனையாக மேலும் 2.5 கோடி டாலரும் கொடுக்கச் சொன்னது. இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த வழக்குக்குப் பணம் கொடுத்தவர் பேபால் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல் என்பது வெளியே வந்தது. 2007-இல் இதே காக்கர் குழுமம் அவருடைய பாலியல் நாட்டத்தைப் பற்றி எழுதியிருந்தது. ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவிட்டதாக அவரே நியூயார்க் டைம்ஸிடம் ஒப்புக்கொண்டார். காக்கர் திவாலாகி, விற்கப்பட்டது, இணையதளம் மூடப்பட்டது. கடைசியில் ஹோகனுக்கு 3.1 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆனது. ஹோகனின் அந்தரங்கம் மீறப்பட்டது உண்மை, அவருக்கு நியாயம் கேட்க உரிமை உண்டு என்பதும் உண்மை. தீல் பணம் கொடுத்ததில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் வழக்கின் நடுவே நடந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காக்கரின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டி வரக்கூடிய ஒரு கோரிக்கையை வாதித் தரப்பு தானாகவே கைவிட்டது. பணம் வாங்குவது மட்டுமே நோக்கமாக உள்ள வாதி, இன்சூரன்ஸ் இருக்கும் பிரதிவாதியைத்தான் விரும்புவார். இங்கே நேர்மாறாக நடந்தபோது பலருக்கும் காரணம் புரியவில்லை. தீலின் பெயர் வெளியான பிறகு அந்த முடிவை வேறு கோணத்தில் பார்க்க முடிந்தது. பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாதபோது, முன்னால் நடப்பதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடிவதில்லை; நீதிபதிக்கும் அதே நிலைதான்.

இதைச் சொல்வதால் வழக்குக்கு வெளியார் பணம் போடுவதே தவறு என்று ஆகிவிடாது. இங்கிலாந்தின் தபால் நிலைய ஊழல் அதற்கு வலுவான மறுப்பு. ஹொரைசன் என்ற கணினி மென்பொருளின் பிழையால் கிளைத் தபால் நிலையங்களின் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. அதை நம்பி, நூற்றுக்கணக்கான தபால் நிலையப் பொறுப்பாளர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்குக் குற்றம் சாட்டப்பட்டது. சிலர் சிறை போனார்கள், பலர் வீட்டை இழந்தார்கள். ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் சேர்ந்து தபால் நிலைய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது அவர்கள் கையில் காசு இல்லை. அரசுக்குச் சொந்தமான நிறுவனமோ செலவுக்கு அஞ்சாமல் போராடியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதியை மாற்றச் சொல்லியும் மனுப் போட்டுப் பார்த்தது. தீரியம் என்ற நிதி நிறுவனம் பணம் போட்டதால்தான் அந்த ஏழைகளின் வழக்கு கோர்ட் படியேறியது. 2019 டிசம்பரில் 5.775 கோடி பவுண்டுக்கு சமரசம் ஆனது. அதில் ஏறத்தாழ 4.6 கோடி பவுண்டு வக்கீல் செலவுக்கும் நிதி நிறுவனத்தின் பங்குக்கும் போனது. மிச்சம் இருந்த சுமார் 1.2 கோடியை 555 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 20,000 பவுண்டு சொச்சம். வாழ்க்கையையே தொலைத்தவர்களுக்கு இது எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த வழக்கு இல்லாமல் ஹொரைசனின் பிழை நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகியிருக்காது, பின்னால் வந்த விடுதலைகளும் அரசின் இழப்பீட்டுத் திட்டங்களும் வந்திருக்காது. எனவே இந்தப் பணத்தின் வழியை அடைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், எளியவர்களின் வழக்கில் கிடைத்ததில் ஐந்தில் நான்கு பங்கு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும் என்பதையும் இதே வழக்கு காட்டுகிறது.

பணத்தோடு அதிகாரமும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. தமிழ்ப் படத் தயாரிப்பில் ஃபைனான்சியரின் இடம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்: போஸ்டரில் பெயர் இருக்காது, ஆனால் ரிலீஸுக்கு முந்தின நாள் அவர் சரி என்று சொல்லாமல் பெட்டி கிளம்பாது. வழக்கிலும் அப்படி ஒருவர் வந்துவிடலாம். அமெரிக்காவில் ஹோட்டல்களுக்கு உணவுப் பொருள் சப்ளை செய்யும் சிஸ்கோ, மாட்டிறைச்சி, பன்றி, கோழி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டதாக வழக்குகள் போட்டது. அதற்கு பர்ஃபர்டிடமிருந்து சுமார் 14 கோடி டாலர் வாங்கியது. 2022-இல் சில நிறுவனங்களோடு சமரசம் செய்துகொள்ள சிஸ்கோ முடிவெடுத்தபோது, தொகை குறைவு என்று பர்ஃபர்ட் ஒப்பவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போய் சமரசத்துக்குத் தடையும் வாங்கியது. சிஸ்கோ முதலில் ஒப்பந்தத்தை மீறியதால்தான் அந்த ஒப்புதல் உரிமை தனக்கு வந்தது என்பது பர்ஃபர்டின் விளக்கம். 2023-இல் சிஸ்கோ இதை எதிர்த்து நீதிமன்றம் போனபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. கடைசியில் வழக்குகளையே பர்ஃபர்டின் துணை நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு சிஸ்கோ விலகியது. அந்த நிறுவனத்தை வாதியாக ஏற்க 2024-இல் மினசோட்டா நீதிமன்றம் மறுத்தது. சிகாகோவில் இருந்த நீதிமன்றம் ஏற்றது. இரண்டில் எது சரி என்பது வேறு கேள்வி. வாதி சமரசத்துக்குத் தயாராக, எதிர்த்தரப்பும் தயாராக இருக்க, அறையில் இல்லாத ஒருவர் அதை நிறுத்த முடியும் என்பது வழக்கைக் கேட்கும் நீதிபதிக்குத் தெரியாமல் இருந்தது என்பதே இதில் என்னை உறுத்துவது. சமரசம் பேசிப் பாருங்கள் என்று இரு தரப்பையும் அனுப்பும் நீதிபதி, முடிவெடுக்க அதிகாரம் உள்ளவரைத்தான் அனுப்புகிறோமா என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி அனுப்புவது?

பெயரைச் சொல்லவைத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு டெலவேர் மாநிலத்தின் ஃபெடரல் நீதிமன்றம் நல்ல சான்று. அமெரிக்காவின் காப்புரிமை வழக்குகளில் பெரும் பங்கு குவியும் இடங்களில் அதுவும் ஒன்று. அதன் தலைமை நீதிபதியாக இருந்த கோம் கானொலி 2022 ஏப்ரலில் தன் முன் வரும் வழக்குகளுக்காக இரண்டு நிலையாணைகள் போட்டார். கம்பெனியின் பெயரில் வழக்குப் போட்டால் அதன் உரிமையாளர், அந்த உரிமையாளர் கம்பெனியானால் அதன் உரிமையாளர் என்று கடைசி மனிதர் வரை பெயர் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. வழக்கின் முடிவைப் பொறுத்து மட்டும் திரும்பக் கிடைக்கும் பணத்தை யாராவது போட்டிருந்தால், அவர் பெயர், முகவரி, வழக்கை நடத்தவோ சமரசம் செய்யவோ அவர் சம்மதம் தேவையா, அவருக்கு இதில் என்ன விதமான பங்கு என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. அதிகபட்சம் ஓரிரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் அறிக்கை இது.

அதற்கு வந்த பதில்களில் சந்தேகம் எழுந்து, 2022 நவம்பரில் சில வாதிக் கம்பெனிகளின் உரிமையாளர்களை நேரில் வரச்சொல்லி அவர் விசாரித்தார். ஒருவர் உணவு வண்டி வைத்துப் பிழைப்பவர். பெரிய கம்பெனிகள் மீது காப்புரிமை மீறல் வழக்குப் போடும் ஒரு கம்பெனிக்கு அவர்தான் காகிதத்தில் முழு உரிமையாளர். காப்புரிமையை வாங்க அவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. மாவெக்ஸார் என்ற நிறுவனத்தின் ஆட்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. வருகிற பணத்தில் அவருக்கு 5 சதவீதம். இன்னொரு கம்பெனியின் உரிமையாளருக்கு 10 சதவீதம். வக்கீலைத் தேர்ந்தெடுத்ததும், யார் மீது வழக்கு என்று முடிவு செய்ததும், சமரசத் தொகையைப் பேசியதும் அவர்கள் இல்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும் பொறுப்பு மட்டும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தலையில் விழும். நேரடியாகப் பார்த்தால் இது நிதி நிறுவனம் ஒன்றின் கதை இல்லை, உண்மையான உரிமையாளர் பின்னால் ஒளிந்துகொண்ட கதை. ஆனால் இரண்டிலும் ஒளிந்திருப்பது ஒன்றே: முடிவெடுப்பவரின் பெயர். கானொலியின் விசாரணையை நிறுத்தச் சொல்லி மேல் நீதிமன்றம் போனார்கள், அது மறுத்துவிட்டது. 2023 நவம்பரில் அவர் நூறு பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதி, சம்பந்தப்பட்ட வக்கீல்களை ஒழுங்கு நடவடிக்கைக்கும், விவகாரத்தை அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பினார். உணவு வண்டிக்காரரை அந்த நீதிமன்றத்தில் நிற்கவைத்தது ஒரு நீண்ட புலனாய்வு இல்லை; ‘உரிமையாளர் யார்’ என்ற ஒரே கேள்வி.

நீதிபதியின் நடுநிலையும் இதில் அடங்கியிருக்கிறது. வழக்கில் தனக்கோ, துணைவருக்கோ, வயது வராத பிள்ளைக்கோ எவ்வளவு சிறிய பண நலன் இருந்தாலும் நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இதற்காகத்தான் வழக்குப் போடும் கம்பெனி தன் தாய்க் கம்பெனியையும், தன்னிடம் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் பட்டியலிட்ட கம்பெனியையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. பர்ஃபர்டின் பங்கை நியூயார்க் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரு நீதிபதியின் சேமிப்பில் அது இருந்து, அவர் முன் நடக்கும் வழக்கில் பர்ஃபர்டின் பணம் இருந்தால், விலக வேண்டிய வழக்கை அவர் அறியாமலே விசாரிக்கிறார். இதற்கு மறுபேச்சு எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

எதிர்ப்புகளில் வலுவானது எளிய வாதிகளைப் பற்றியது. பின்னால் நிதி நிறுவனம் இருக்கிறது என்று தெரிந்தால், பணபலம் உள்ள பிரதிவாதி அந்த நிறுவனத்தைக் குறிவைப்பான். பணம் எவ்வளவு, எப்போது தீரும் என்று கணக்குப் போட்டு வாய்தாவாக இழுப்பான் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தொகையையும் நிபந்தனைகளையும் எதிர்த்தரப்பிடம் கொடுக்கக் கூடாது என்கிறேன். பெயர் மட்டும் தெரிவதால் இழுத்தடிப்பவனுக்கு லாபம் குறைவு. கையில் காசில்லை என்று நினைத்திருந்த வாதியின் பின்னால் தாக்குப்பிடிக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவன் சீக்கிரம் சமரசத்துக்கு வரவும் வாய்ப்பு உண்டு. தவிர, இதே அமெரிக்காவில் பிரதிவாதிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்த ஒப்பந்தத்தை வாதியிடம் காட்ட வேண்டும் என்ற விதி 1970 முதல் இருக்கிறது. இன்று கேட்காமலே ஆரம்பத்தில் கொடுக்க வேண்டும். பிரதிவாதியின் பின்னால் பணம் கொடுப்பவர் யார் என்பதை வாதி அறியலாம் என்றால், வாதியின் பின்னால் இருப்பவரைப் பிரதிவாதி அறிவதில் என்ன அநியாயம்?

அடுத்தது வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம். ஒரு நிதி நிறுவனம் பணம் போடும் முன் வழக்கின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் வக்கீலிடம் கேட்டு ஆராயும். அந்தத் தாள்கள் எதிர்த்தரப்பு கையில் சிக்கினால் வழக்கே முடிந்தது. 2014-இல் இலினாய்ஸில் கேட்டர்பில்லர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நிதி நிறுவனத்தோடு பகிர்ந்துகொண்ட இப்படிப்பட்ட ஆவணங்களில் பெரும்பகுதிக்கு நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் இன்னார் பணம் போட்டிருக்கிறார் என்ற தகவலில் வக்கீலின் யோசனை எதுவும் இல்லை. அதைச் சொன்னால் ரகசியம் உடைகிறது என்பது வாதத்தை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பது. இன்னும் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தாலும் வழி இருக்கிறது. 2018-இல் ஓபியாய்டு வலிநிவாரணி வழக்குகளை விசாரித்த ஓஹையோ நீதிபதி டான் போல்ஸ்டர், நிதி உதவி பெற்ற வக்கீல்கள் அதைத் தன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும், வழக்கையோ சமரசத்தையோ நிதி கொடுப்பவர் கட்டுப்படுத்தவில்லை என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். எதிர்த்தரப்பு கண்ணில் படாமலே நீதிமன்றம் விஷயத்தை அறிந்துகொண்டது.

ஒருவர் வழக்குச் செலவுக்கு வங்கியில் கடன் வாங்கினால் அதையும் சொல்லச் சொல்வீர்களா என்று கேட்பவர்களும் உண்டு. தேவையில்லை. வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வங்கிக்கு வட்டி வந்தாக வேண்டும். முடிவில் அதற்குப் பங்கு இல்லை. நிதி நிறுவனத்தின் மொத்த லாபமும் தீர்ப்பில் தொங்குகிறது. டெலவேர் உத்தரவு இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்தது. இன்னொரு குற்றச்சாட்டையும் மழுப்ப முடியாது: அமெரிக்காவில் இந்த விதியைக் கேட்டுப் பல ஆண்டுகளாக உரக்கக் குரல் கொடுப்பது அந்நாட்டு வர்த்தக சபை, அதாவது அடிக்கடி பிரதிவாதியாக நிற்கும் பெரிய நிறுவனங்களின் அமைப்பு. அவர்களுக்குத் தேவை வெளிப்படைத்தன்மையா, வாதிகளை வலுவிழக்கச் செய்வதா என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து விதி இரு பக்கமும் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான். பிரதிவாதியின் செலவை வேறு யாராவது ஏற்று முடிவுகளையும் அவரே எடுத்தால் அதுவும் வெளியே வரட்டும். லாபத்துக்குப் பணம் போடுபவர், கொள்கைக்காகவோ பகைக்காகவோ பணம் போடுபவர் என்றும் பிரிக்க வேண்டாம். தீலின் வழக்கில் லாபக் கணக்கு முதன்மையாக இருக்கவில்லை.

உலகம் மெல்ல இந்தப் பக்கம்தான் நகர்கிறது. நியூஜெர்சி ஃபெடரல் நீதிமன்றம் 2021-இல் எல்லா சிவில் வழக்குகளுக்கும் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. சர்வதேச நடுவர் தீர்ப்பாய வழக்குகளில் வெளியார் பணத்தை 2017-இல் அனுமதித்த சிங்கப்பூர், பணம் போட்டவரின் பெயரை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்ற கடமையையும் கூடவே வைத்தது. அனுமதியும் அறிவிப்பும் ஒரே நாளில் பிறந்தால் பின்னால் சண்டை குறையும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் முழுமைக்குமான விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. 2024 அக்டோபரில்தான் சிவில் விதிகளுக்கான ஆலோசனைக் குழு இதை ஆராயத் துணைக்குழு அமைத்தது.

இந்தியாவில் இந்த விஷயத்தின் நிலை விசித்திரமானது. வெளியார் வழக்குக்குப் பணம் போடுவதை இங்கிலாந்து 1967 வரை குற்றமாக வைத்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் இந்தியாவில் செல்லாது, நியாயமான ஒப்பந்தமாக இருந்தால் இங்கே ஏற்கலாம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1876-லேயே, கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், சொல்லிவிட்டது. கொள்ளை லாபம் கேட்கும் ஒப்பந்தம் மட்டும் கூடாது. வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்களை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே.பாலாஜி வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வக்கீல் தன் கட்சிக்காரரின் வழக்குக்குப் பணம் போடக் கூடாது, வக்கீல் அல்லாத வெளியாருக்கு அப்படித் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்டது. ஆக, பணம் போடலாம். சொல்ல வேண்டுமா? அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் கட்டளைக்கு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் உள்ள திருத்தம், வழக்குச் செலவுக்காக சொத்தில் பங்கு எழுதி வாங்கியவரைச் செலவுக்கு ஜாமீன் கட்டச் சொல்லவும், அவர் சம்மதித்தால் வாதியாகச் சேர்க்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. நல்ல அதிகாரம். ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே அதைப் பயன்படுத்த முடியும்?

2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வு தீர்த்த டுமாரோ சேல்ஸ் ஏஜென்சி வழக்கு இந்த ஓட்டையை நன்றாகக் காட்டியது. நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். எதிர்த்தரப்பின் செலவைக் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அவர்களிடம் பணம் இல்லை. பணம் போட்ட நிறுவனத்திடம் வசூலிக்கலாமா என்று கேட்டதற்கு, அது வழக்கில் தரப்பினர் இல்லை, அந்தப் பொறுப்பை ஏற்றதும் இல்லை என்பதால் முடியாது என்று அமர்வு சொன்னது. நீதி கிடைக்க இப்படிப்பட்ட நிதி தேவை என்றும், அது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. சட்டப்படி தீர்ப்பில் தவறு சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்தும் செலவை வசூலிக்க முடியாமல் நிற்கும் தரப்பை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்தால், இப்படிப்பட்ட தரப்பு செலவுக்கு ஜாமீன் கேட்டு அன்றைக்கே மனுப் போடலாம்.

இதற்கு நாடாளுமன்றத்தின் புதிய சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. 2015-இன் வணிக நீதிமன்றங்கள் சட்டப்படி, பிராதோடு ‘உண்மை உறுதிமொழி’ என்ற பிரமாணப் பத்திரத்தை வாதி கொடுத்தாக வேண்டும். எதிருரையோடு பிரதிவாதியும் அதையே கொடுக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, தன் கீழ் உள்ள நீதிமன்றங்களின் நடைமுறை விதிகளை மாநில அரசின் ஒப்புதலோடு சேர்க்கவும் மாற்றவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்த வழக்கின் முடிவைப் பொறுத்துப் பணம் பெறும் வெளியார் யாராவது உண்டா, உண்டென்றால் அவர் பெயர் என்ன, சமரசத்துக்கு அவர் சம்மதம் தேவையா என்று அந்தப் பத்திரத்தில் இரு தரப்பையும் கேட்கும் ஒரு விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவர வேண்டும். இந்தத் தொழில் இங்கே பெரிதாக வளர்வதற்கு முன்பே அது வர வேண்டும். வக்கீல் சங்கங்கள் இதைக் கேட்கத் தொடங்கட்டும்.